பைக் மீனுக்கு லூர் வீச எந்த ரீல்? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பைக் மீன் பிடிக்க எந்த ரீல் (தூண்டில் நரம்பைச் சுற்றும் கருவி) வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: எந்த லூரை, அதாவது செயற்கை இரையை, வீசப் போகிறீர்கள்? ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வட ஆசியாவிலும் குளிர்ந்த ஏரிகளிலும் மெதுவாக ஓடும் ஆறுகளிலும் நீர்ப்பாசிக்குள் அசையாமல் நின்று, பக்கத்தில் வந்ததைப் பாய்ந்து கவ்வும் மீன் இது. சுழலும் தகடு கொண்ட 10 கிராம் ஸ்பின்னரையும் அடிக்கும், 150 கிராம் ரப்பர் மீனையும் அடிக்கும். இந்த இரண்டையும் நன்றாக வீசக்கூடிய ஒரே ரீல் கிடையாது. ஒன்றுக்குச் சரியாக இருப்பது இன்னொன்றுக்குத் தூரம் தராது, அல்லது விரலைப் பதம் பார்க்கும்.

அதனால் லூரின் எடை, அது தண்ணீரில் இழுக்கும் விதம், அப்புறம்தான் ரீல். இந்த வரிசையை மாற்றாமல் போனால் தேர்வு எளிதாகிவிடும்.

மூன்று வகை ரீல்கள்

ஸ்பின்னிங் ரீலில், வீசும்போது நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூல் சுழலாது. நூல்கண்டை நிறுத்தி வைத்து அதன் தலைப்பக்கமாக நூலை உருவினால் சுற்றுச் சுற்றாகக் கழன்று வருமே, அப்படித்தான் நரம்பு ஸ்பூலின் விளிம்பைத் தாண்டிக் கழன்று ஓடுகிறது. இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த் 1905இல் காப்புரிமை பெற்ற ரீல் இந்த அடிப்படையில் அமைந்ததுதான். ஸ்பூல் சுழலாததால் லூருக்கு அதைச் சுழற்றும் வேலை இல்லை. இலேசான லூர்கூட எளிதாகப் பறக்கும். எதிர்காற்றிலும் பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் திரும்பச் சுற்றும்போது நரம்பு, அதை வழிநடத்தும் வளைகம்பியான பெயிலின் உருளையில் செங்குத்தாக மடங்கித்தான் ஸ்பூலுக்குள் போக வேண்டும். கைப்பிடியின் விசையும் கியரில் திசை மாறித்தான் பெயிலைச் சுழற்றும் ரோட்டருக்குப் போகிறது. கனமான இழுவை வரும்போது இந்த இரண்டு திருப்பங்களிலும் பலம் வீணாகும்.

பெய்ட்காஸ்டரில் ஸ்பூலே சுழல்கிறது. பறக்கும் லூர் நரம்பை இழுக்க, நரம்பு ஸ்பூலைச் சுழற்றுகிறது. கைப்பிடியின் அச்சும் ஸ்பூலின் அச்சும் இணையாக இருப்பதால் சுற்றும் பலம் நேராக நரம்புக்குப் போகிறது. கட்டைவிரல் எப்போதும் ஸ்பூலின் மேல் இருப்பதால், லூரைக் கோரைப்புல்லின் ஓரத்தில் ஒரு முழம் முன்னால் நிறுத்த முடியும். இதன் கஷ்டமும் அங்கேதான் இருக்கிறது. லூரின் வேகம் குறைந்த பிறகும் ஸ்பூல் அதே வேகத்தில் சுழன்றால் நரம்பு வெளியே போக இடமில்லாமல் உள்ளேயே பொங்கிச் சிக்காகிவிடும்.

இதில் இரண்டு உடல்வாகு உண்டு. உள்ளங்கையில் அடங்கும் தட்டையான லோ புரொஃபைல் ஒன்று. உருளை வடிவில் இருபுறமும் தட்டுகள் கொண்ட ரவுண்ட் ரீல் இன்னொன்று. இரண்டாவதுக்குப் பெயர்போன உதாரணம், ஸ்வீடனின் ஸ்வாங்ஸ்டா ஊரில் 1950களில் பிறந்த ஆபு அம்பாஸடர். வடக்கு ஐரோப்பாவில் பைக் லூர் வீச்சு வளர்ந்ததே இந்த ரீலோடுதான் என்று சொல்லலாம். இன்றும் அதன் 5500, 6500 அளவுகளைப் படகுகளில் பார்க்கலாம்.

மூடிய முகம் கொண்ட ஸ்பின்காஸ்ட் ரீலைப் பைக் மீனுக்குப் பரிசீலிக்கவே வேண்டாம். அதில் தடித்த நரம்புக்கு இடமும் இல்லை, மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் டிராக்குக்குப் பலமும் இல்லை.

முதல் படி: லூர்களைத் தராசில் வையுங்கள்

உங்களிடம் இருக்கிற, அல்லது முதல் பருவத்தில் வாங்கப்போகிற லூர்களின் எடையைப் பாருங்கள். பெட்டியில் எழுதியிருக்கும். ரப்பர் மீனாக இருந்தால் கொக்கியும் ஈயத்தலையும் சேர்த்த மொத்த எடைதான் கணக்கு. 15 செ.மீ. ரப்பர் மீன் ஒன்றுக்கு ஈயத்தலை மாட்டியதும் எடை எங்கேயோ போய்விடும். பலர் இதை மறந்துவிட்டு ராடை (தூண்டில் கம்பை) தேர்ந்தெடுக்கிறார்கள்.

பெரும்பாலானவை 10 முதல் 40 கிராமுக்குள் இருந்தால் ஸ்பின்னிங் ரீல் வாங்குங்கள், யோசிக்க வேண்டாம். ஸ்பின்னர், நடுத்தர ஸ்பூன், 10–12 செ.மீ. ரப்பர் மீன் எல்லாம் இதில் வரும். முதல் ரீலாக எதை வாங்குவது என்றே தெரியாதவர்களுக்கும் என் பதில் இதுதான்: 4000 அளவு (ரீலின் பருமனைக் குறிக்கத் தயாரிப்பாளர் இடும் எண்) ஸ்பின்னிங் ரீல்.

40 முதல் 80 கிராம் வரை இருந்தால் லோ புரொஃபைல் பெய்ட்காஸ்டர். ஜெர்க்பெய்ட், ஸ்பின்னர்பெய்ட், பெரிய கிராங்பெய்ட் இவற்றின் இடம் இது. 80 கிராமுக்கு மேல் போனால் 300 அல்லது 400 அளவுள்ள பெரிய லோ புரொஃபைல், இல்லாவிட்டால் ரவுண்ட் ரீல்.

இந்த எல்லைகள் கல்லில் செதுக்கியவை அல்ல. 60 கிராம் லூரை ஸ்பின்னிங் ரீலில் வீசுபவர்கள் நிறையப் பேர். ஆனால் நாள் முழுக்க வீசிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஸ்பின்னிங் ரீலில் வீசும் கணத்தில் லூரின் மொத்த எடையையும் ஆள்காட்டி விரலின் நுனி தாங்குகிறது. இழைகளைப் பின்னிச் செய்த மெல்லிய பிரெய்டு நரம்பு அந்த இடத்தில் தோலை அறுக்கும். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கனமான லூரை வேகமாக வீசும்போது பெயில் தானாக மூடிக்கொண்டால், பறந்துகொண்டிருக்கும் லூர் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விடும். விலையுயர்ந்த லூர் போவது ஒருபக்கம். மூன்று முள் கொக்கிகளோடு 70 கிராம் எடை எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது என்பதுதான் பெரிய கவலை.

இலேசான பக்கத்திலும் இதேபோல ஓர் எல்லை உண்டு. 200 அளவு பெய்ட்காஸ்டரில் தடித்த பிரெய்டைச் சுற்றிவிட்டு 10 கிராம் ஸ்பின்னரை வீசினால், ஸ்பூலைச் சுழற்றவே அதற்குப் பலம் போதாது. தூரம் போகாது, சிக்கு மட்டும் விழும்.

இரண்டாம் படி: லூர் எப்படி இழுக்கிறது?

எடை ஒன்றுபோல இருந்தாலும் இழுவை ஒன்றுபோல இருக்காது. இரண்டு பெரிய தகடுகள் சுழலும் பக்டெயில் லூர், தண்ணீரில் சுவரை இழுப்பதுபோல் கனக்கும். ஆழமாகப் போகும் கிராங்பெய்ட்டும் அப்படித்தான். இவற்றுக்கு 5:1 அல்லது அதையொட்டிய தாழ்ந்த கியர் விகிதம் (கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஸ்பூல் எத்தனை சுற்று என்பது) உதவும், கை சோராது. ஜெர்க்பெய்ட் நேர்மாறு. அதை ராடால் தட்டித் தட்டி ஓட்டுகிறோம். ஒவ்வொரு தட்டலுக்கும் பிறகு நரம்பு தொளதொளவென்று நிற்கும். அந்தத் தொய்வைச் சட்டென்று சுற்றி எடுக்க 7:1 மாதிரி வேகமான விகிதம் வேண்டும். நீர்மட்டத்தில் ஓடும் லூருக்கும் இதேதான். எல்லாவற்றுக்கும் ஒரே பெய்ட்காஸ்டர் என்றால் 6:1க்குக் கொஞ்சம் மேலே எடுங்கள்.

ஆனால் விகிதத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் எத்தனை செ.மீ. நரம்பு உள்ளே வருகிறது என்பதே உண்மையான கணக்கு. ஸ்பூலின் விட்டத்தை 3.14ஆல் பெருக்கி, அதை விகிதத்தால் பெருக்கினால் கிடைத்துவிடும். 38 மி.மீ. விட்டமுள்ள ஸ்பூல், 6.2 விகிதம்: சுமார் 74 செ.மீ. 50 மி.மீ. ஸ்பூல், 5.2 விகிதம்: சுமார் 82 செ.மீ. விகிதம் குறைவாக இருந்தும் பெரிய ஸ்பூல்தான் வேகமாகச் சுற்றுகிறது. இதுவும் ஸ்பூல் நிறைந்திருக்கும்போதுதான். தூர வீச்சுக்குப் பிறகு விட்டம் குறைந்து வேகமும் குறையும்.

மூன்றாம் படி: எந்தக் கை?

ஸ்பின்னிங் ரீலில் இந்தக் கேள்வியே இல்லை. கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டிக்கொள்ளலாம். பெய்ட்காஸ்டரில் மாற்ற முடியாது. இடக்கைப் பிடியா வலக்கைப் பிடியா என்று வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும்.

வலக்கைப் பழக்கம் உள்ளவர் ஜெர்க்பெய்ட்டை அதிகம் ஓட்டப்போகிறார் என்றால் இடக்கைப் பிடி நல்லது. வீசிய கையிலேயே ராடு இருக்கும், தட்டும் வேலையைப் பலமான கை செய்யும், லூர் தண்ணீரில் விழுந்த நொடியில் கை மாற்ற வேண்டியதில்லை. பைக் மீன் பல நேரங்களில் லூர் விழுந்ததும் அடிக்கும் என்பதால் இது சின்ன விஷயம் அல்ல. கனமான பக்டெயிலை நாள் முழுக்கச் சுற்றப்போகிறவருக்கோ பலமான கையால் சுற்றுவதுதான் ஆறுதல்.

நான்காம் படி: கடையில் கையில் எடுத்துப் பாருங்கள்

ரீலை ராடோடு சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்பின்னிங் ராடில் வளையங்கள் கீழே தொங்கும், முதல் வளையம் பெரிது. பெய்ட்காஸ்டர் ராடில் வளையங்கள் சிறியவை, மேலே இருக்கும், பிடியின் அடியில் விரல் மாட்டக் கொக்கிபோல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றின் ரீலை இன்னொன்றில் மாட்டாதீர்கள். ராடில் எழுதியிருக்கும் லூர் எடை வரம்பு, முதல் படியில் நீங்கள் போட்ட கணக்கோடு பொருந்த வேண்டும்.

பேரிங் எத்தனை என்ற எண்ணிக்கையை நான் பொருட்படுத்துவதே இல்லை. நான் பார்ப்பது சட்டகம். கைப்பிடியை ஒரு கையாலும் ரீலின் உடலை இன்னொரு கையாலும் பிடித்து மெல்ல முறுக்கிப் பாருங்கள். உடல் நெளிகிறதா? நெளிந்தால் பெரிய இழுவையில் கியர்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் சீக்கிரம் தேயும். உலோகச் சட்டகத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் பைக் மீனுக்கு வீண் போகாது. அடுத்தது கைப்பிடியின் குமிழ். பைக் பிடிக்கச் சிறந்த காலங்கள் பெரும்பாலும் குளிரானவை. கையுறை போட்ட கையில் சின்னக் குமிழ் வழுக்கும். பெரிய, தடித்த குமிழ் உள்ளதை எடுங்கள்.

எடையையும் கவனியுங்கள். 4000 அளவு ஸ்பின்னிங் ரீல் ஏறத்தாழ 250–300 கிராம் இருக்கும். 200 அளவு லோ புரொஃபைல் 200 கிராமைச் சுற்றி. 300–400 அளவும் ரவுண்ட் ரீல்களும் 300 கிராமைத் தொட்டோ தாண்டியோ இருக்கும். நூறு கிராம் வித்தியாசம் கடையில் தெரியாது, மாலையில் மணிக்கட்டில் தெரியும். ரவுண்ட் ரீல் உள்ளங்கையில் உயரமாக நிற்பதால் சிறிய கை உள்ளவர்களுக்கு அதை அணைத்துப் பிடிப்பது கடினம்; வெறும் வீச்சுக்கு என்றால் அவர்களுக்கு லோ புரொஃபைலையே சொல்வேன். படகை மெதுவாக ஓட்டி லூரைப் பின்னால் இழுத்துப் போவதற்கு ரவுண்ட் ரீலை மிஞ்ச ஆளில்லை. அதில் நிறைய நரம்பு பிடிக்கும், பெரும்பாலும் கிளிக்கர் இருக்கும். ராடு தாங்கியில் கிடக்கும்போது மீன் இழுத்தால் சத்தம் கேட்கும்.

ஐந்தாம் படி: நரம்பு சுற்றுதல்

பைக் லூர் வீச்சுக்கு நீளாத பிரெய்டு நரம்புதான். ஸ்பின்னிங் ரீலுக்கு 0.20 முதல் 0.28 மி.மீ. வரை போதும். பெய்ட்காஸ்டருக்கு 0.30–0.36 மி.மீ. என்று தடிமனாகப் போங்கள். மீன் அவ்வளவு பலசாலி என்பதற்காக அல்ல. மெல்லிய பிரெய்டு, கொக்கியைக் குத்தும் வேகத்தில் ஸ்பூலில் உள்ள சுற்றுகளுக்கு இடையே புதைந்துவிடும். அடுத்த வீச்சில் அந்த இடத்தில் ஸ்பூல் சட்டென்று நின்று, 80 கிராம் லூர் அறுந்து போகும். தடித்த நரம்பு அவ்வளவாகப் புதையாது, சிக்கு விழுந்தாலும் பிரிக்க எளிது.

ஸ்பூலின் மேல் பிரெய்டை நேராகக் கட்டினால் மொத்தச் சுற்றும் வழுக்கிச் சுழலும். டிராக் கெட்டுப்போனதுபோலத் தோன்றும், காரணம் அடியில் இருக்கும். முதலில் சில மீட்டர் தங்கூசி நரம்பைச் சுற்றிவிட்டு அதன் மேல் பிரெய்டை முடியுங்கள். ஈரத்துணியால் நரம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு இறுக்கமாகச் சுற்ற வேண்டும். விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்திவிடுங்கள். ஸ்பின்னிங் ரீலில் இதற்கு மேல் நிரப்பினால் சுற்றுகள் கொத்தாகக் கழன்று முடிச்சு விழும். குறைவாக நிரப்பினால் வீச்சுத் தூரம் குறையும்.

நுனியில், நரம்புக்கும் லூருக்கும் இடையே, எஃகுக் கம்பி லீடர், அல்லது 0.90 மி.மீ.க்குக் குறையாத ஃபுளோரோகார்பன் நரம்பு, 30 செ.மீ.க்குக் குறையாமல். ரீல் எதுவானாலும் இதில் சமரசம் இல்லை. பைக் மீனின் பல் வெறும் பிரெய்டை ஒரே கடியில் அறுத்துவிடும். வாயில் கொக்கியோடு ஒரு மீனை விட்டுவிடுவது யாருக்கும் வேண்டாத காரியம்.

ஆறாம் படி: பெய்ட்காஸ்டரைப் பழக்குதல்

ஸ்பின்னிங் ரீல் வாங்கியவர்களுக்கு இங்கே ஒரு பழக்கம் மட்டும் போதும்: வீசியதும் பெயிலைக் கைப்பிடியால் சுற்றி மூடாமல் கையால் மூடுங்கள், பிறகு நரம்பைக் கொஞ்சம் இழுத்துத் தொய்வை எடுத்துவிட்டுச் சுற்றத் தொடங்குங்கள். பிரெய்டில் திடீரென்று வரும் முடிச்சுகளில் பெரும்பாலானவை இந்த முதல் தொளதொளச் சுற்றில் பிறப்பவைதான்.

பெய்ட்காஸ்டருக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். திறந்த இடம் வேண்டும். கொக்கியைக் கழற்றிய 40–50 கிராம் லூர் ஒன்று, காற்றில் படபடக்காத, உருண்டு திரண்ட வடிவில். இலேசான லூரில் பழகினால் சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கனமானதுதான் சுலபம்.

கைப்பிடியின் பக்கத்தில் ஸ்பூலை இறுக்கும் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். ராடைக் கிடையாகப் பிடித்து, லூரை நுனியில் தொங்கவிட்டு, கட்டைவிரல் பட்டனை அழுத்துங்கள். லூர் தடாலென்று விழக் கூடாது, நிதானமாக இறங்க வேண்டும். தரையைத் தொட்டதும் ஸ்பூல் அதிகம் ஓடாமல் நிற்க வேண்டும். அதுவரை குமிழைத் திருகுங்கள். லூரை மாற்றினால் இதையும் மறுபடி பார்க்க வேண்டும்.

அடுத்து, மறுபக்கத் தட்டில் உள்ள வீச்சு பிரேக். சிலவற்றில் சுழற்சி வேகத்தால் வெளியே தள்ளப்படும் சின்னக் கட்டைகள் ஒரு வளையத்தில் உரசி வேகத்தைக் குறைக்கும். சிலவற்றில் காந்தம் அந்த வேலையைச் செய்யும். ஷிமானோவின் டிசி ரீல்களில் ஒரு சில்லு ஸ்பூலின் வேகத்தைப் பார்த்துப் பிரேக்கைத் தானே கட்டுப்படுத்துகிறது. வசதிதான், ஆனால் கட்டைவிரலுக்கு மாற்று அல்ல. எந்த வகையானாலும் தொடக்கத்தில் பிரேக்கை ஏறக்குறைய முழுமையாகப் போடுங்கள். தூரம் பிறகு வரும்.

இப்போது ஒரு நல்ல உபாயம். நீங்கள் வழக்கமாக வீசும் தூரத்தைவிடச் சில மீட்டர் அதிகமாக நரம்பை வெளியே இழுத்துவிட்டு, ஸ்பூலில் மீதியிருக்கும் நரம்பின் மேல் ஒரு துண்டு ஒட்டும் நாடாவைக் குறுக்கே ஒட்டுங்கள். பிறகு நரம்பைச் சுற்றிக்கொண்டு பழகுங்கள். சிக்கு விழுந்தாலும் அந்த நாடாவைத் தாண்டி உள்ளே போகாது. ஐந்து நிமிடத்தில் பிரித்துவிடலாம்.

வீசுவது சவுக்கடிபோல இருக்கக் கூடாது. லூரை நுனியிலிருந்து ஒன்றரைச் சாண் தொங்கவிட்டு, ராடு நன்றாக வளைந்து தானே தள்ளும்படி ஒரே சீராகச் சுற்றி விடுங்கள். கட்டைவிரலை ஸ்பூலிலிருந்து தூக்கிவிடாமல் ஒட்டியும் ஒட்டாமலும் வைத்திருங்கள். நரம்பு பொங்கி விரலில் உரசுவது தெரிந்தால் இலேசாக அழுத்துங்கள். லூர் தண்ணீரைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் முழுதாக அழுத்தி நிறுத்துங்கள். நிறையச் சிக்குகள் விழுவது இந்தக் கடைசி நொடியில்தான்.

சிக்கு விழுந்துவிட்டால் நரம்பைப் பிடித்து வெடுக்கென்று இழுக்காதீர்கள். கட்டைவிரலை ஸ்பூலின் மேல் நன்றாக அழுத்திக்கொண்டு கைப்பிடியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள். பிறகு பட்டனை அழுத்தி நரம்பை மெதுவாக உருவுங்கள். அடியில் மடிந்து கிடந்த கண்ணிகள் தட்டையாகி, பல நேரம் அப்படியே வந்துவிடும். வராவிட்டால் இன்னொரு முறை.

ஏழாம் படி: டிராக்

பைக் மீன் நூறு மீட்டர் ஓடும் மீன் அல்ல. படகுக்கோ கரைக்கோ அருகில் வந்ததும் ஒரு வேகப் பாய்ச்சல் பாயும், அதுதான் அதன் சண்டை. பெரிய லூரின் தடித்த கொக்கிகளை அதன் எலும்பான வாயில் குத்த நல்ல விசை வேண்டும். குத்தும்போது டிராக் வழுக்கினால் முள் ஏறாது. ஆகவே கொஞ்சம் இறுக்கமாகவே வையுங்கள். நரம்பின் நுனியைக் கைத்தராசில் மாட்டி, ராடைச் சாய்த்துப் பிடித்து இழுத்துப் பாருங்கள்: 3–4 கிலோவில் டிராக் இளகத் தொடங்கினால் தடித்த பிரெய்டுக்குச் சரி. மெல்லிய நரம்பு சுற்றிய ஸ்பின்னிங் ரீலில் 2–3 கிலோ போதும். அதன் டிராக் பொதுவாகச் சீராக இளகும். பெய்ட்காஸ்டரில் தேவைப்பட்டால் கட்டைவிரலால் கூடுதல் அழுத்தம் கொடுக்கலாம், மீன் பாயும்போது பட்டனை அழுத்தி விரலின் பிடியிலேயே நரம்பு விடவும் செய்யலாம். லூரைத் தொடர்ந்து வந்த மீனுக்காகப் படகின் ஓரத்தில் ராடு நுனியால் எட்டு வடிவம் போடும்போது, நரம்பு குட்டையாக இருக்கையில் மீன் அடித்தால், இந்த வசதியின் அருமை புரியும்.

பருவம் முடிந்து ரீலை எடுத்து வைக்கும் முன் டிராக்கை முழுதாகத் தளர்த்திவிடுங்கள், உள்ளே உள்ள தகடுகள் அழுந்திப்போகாமல் இருக்கும். பெய்ட்காஸ்டரில் நரம்பை இடமும் வலமும் பரப்பும் திருகுத்தண்டில் மணலும் பாசியும் சேரும்; பஞ்சுக்குச்சியால் துடைத்து ஒரு துளி எண்ணெய் விடுங்கள். ஸ்பின்னிங் ரீலில் அதே கவனிப்பு பெயிலின் உருளைக்கு. அது சுழலாமல் நின்றுவிட்டால் நரம்பு முறுக்கேறும், உரசித் தேயும். விரலால் தள்ளிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.